சாரலில் சோதித்த மதர்போர்டு

முப்பத்தொரு வருடம் அடுத்தவர் தராசில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். எடையளவு முத்திரை ஆய்வாளர் என்பது பதவியின் பெயர். கடைக்காரர்கள் வைத்த பெயர் 'தராசு சார்'. (முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்களும் இருந்தன. அவை இங்கே வேண்டாம்.) நகைக்கடைத் தராசுக்குப் பக்கத்தில் மின்விசிறி ஓடுவதைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். "காத்து அடிச்சா முள்ளு ஆடாதாய்யா? ஆடுத முள்ளை வச்சு நிறுத்தா அதுக்குப் பேரு எடையா?" என்று எத்தனையோ நல்ல மனிதர்களை வாடிக்கையாளர்கள் முன்னாலேயே வைதிருக்கிறேன். அவர்களிடம் எல்லாம் இப்போது ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

என் மகன் சங்கர் ராணுவத்தில் இருக்கிறான். குடும்பத்தை அழைத்துப்போக முடியாத இடத்தில் வேலை. அதனால் மருமகள் கோமதி எங்களோடு தென்காசியில், குற்றாலம் சாலையில் இருக்கும் வீட்டில் இருக்கிறாள். கடையநல்லூர்ப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தவள். எறும்பு அளவுச் சில்லைக் கருகாமல் கழற்றி, இன்னொன்றை அதே இடத்தில் ஒட்டிவிடுவாள். இங்கே வந்த பிறகு எங்கள் மாடி அறையில் உட்கார்ந்து ஊர்க் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

யாராவது வீட்டுக்கு வந்து கேட்டால் நான் சொல்லுவேன்: "மருமவ சும்மா இருக்க மாட்டா. கம்ப்யூட்டர்ல ஏதோ பாக்குதா."

அந்த 'ஏதோ'வை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

அப்படி இருக்கும்போதுதான் இலத்தூரிலிருந்து வேலாயுதம் அண்ணாச்சி வந்தார். அவரும் பழைய ராணுவக்காரர். மீசையும் குரலும் இன்னும் பணியில்தான் இருந்தன. கம்ப்யூட்டரில் வீட்டு வரைபடம் போடவும், கட்டப்போகும் வீட்டை முழுசாகப் படமாக்கிக் காட்டவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சி மையம் தொடங்கப் போகிறாராம். அதற்குப் பதினைந்து கம்ப்யூட்டர்கள் வேண்டுமாம். கோமதி அதுவரை ஒன்று, இரண்டு என்றுதான் செய்து கொடுத்திருந்தாள். இது நல்லபடியாக முடிந்தால் தென்காசியில் தன் பெயரில் ஒரு கடை எடுப்பது என்று அவளும் சங்கரும் போனில் பேசி வைத்திருந்தார்கள். முடியாவிட்டால் மாடி அறைதான். 'ஏதோ'தான்.

எல்லாப் பாகங்களும் முடிவாகிவிட்டன. மதர்போர்டில்தான் இழுத்தது. இரண்டை வரவழைத்திருந்தாள். ஒன்று சாம்பல் நிறம்; பார்க்கச் சவசவ என்று, ஓரத்தில் கனத்த அலுமினியக் கட்டிகளோடு இருந்தது. மற்றது சிவப்பு, விளக்கெல்லாம் எரியும், திருவிழாப் பந்தல் மாதிரி. விலை குறைவு, அலுமினியக் கட்டியும் கிடையாது. பிராசசருக்கு மின்சாரத்தை அளந்து ஊற்றும் சில்லுகள் போர்டின் ஓரத்தில் வரிசையாக இருக்கின்றன. அவை ரொம்பச் சூடானால் அளவைக் குறைத்துவிடும். பிராசசர் ஓட்டத்திலிருந்து நடைக்கு வந்துவிடும். அந்தச் சூட்டை உறிஞ்சத்தான் அலுமினியக் கட்டி. குளிர்ந்த காற்று பட்டால் எந்த போர்டிலும் பிராசசர் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடும். இவ்வளவும் எனக்கு இப்போது தெரியும்.

ஒரே பிராசசரை, ஒரே மெமரியை இரண்டு போர்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே வேலையைக் கொடுத்து, எது எவ்வளவு வேகம் என்று மதிப்பெண் எடுப்பதுதான் சோதனை. கோமதி அதை எங்கே செய்தாள் தெரியுமா? அடுப்படியில்.

போர்டைப் பெட்டிக்குள் மாட்டி, மூடி, கேஸ் அடுப்புக்குப் பக்கத்து மேடையில், நடுப்பகல் பன்னிரண்டரைக்கு வைத்து ஓட்டினாள். ஒரு பக்கம் என் மனைவி பகவதி கூட்டுக்குத் தாளிக்கிறாள். இன்னொரு பக்கம் பெட்டி உறுமுகிறது.

"என்னம்மா இது?" என்றேன்.

"சிவப்பு போர்டு பன்னெண்டாவது நிமிசத்துல படுத்துட்டு மாமா. சாம்பல் அசையல."

"அடுப்புப் பக்கத்துல வச்சா நானுந்தான் படுத்துருவேன்."

பகவதி கரண்டியும் கையுமாகத் திரும்பினாள். "நீங்க எப்ப அடுப்புப் பக்கத்துல நின்னீங்க, படுக்கதுக்கு?"

கோமதி சிரிக்காமல் சொன்னாள்: "அண்ணாச்சி இடம் தகரக் கொட்டகை மாமா. பதினஞ்சு பெட்டி ஒண்ணா ஓடும். அங்கன வெக்கை இப்படித்தான் இருக்கும்."

இந்த இடத்தில் ஒரு மனிதனுக்கு மூளை இருந்தால், "சரிம்மா" என்றிருப்பான். நான் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவன். அதனால் அப்படிச் சொல்லவில்லை.

மறுநாள் அண்ணாச்சி வந்தபோது கோமதி சாம்பல் போர்டைச் சொன்னாள். நான் நடுவில் புகுந்தேன். வீட்டில் ஒரு முன்னாள் அரசு அதிகாரி இருக்கும்போது அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்காதது எனக்குப் பொறுக்கவில்லை. அவள் சாம்பல் என்று சொன்னதாலேயே எனக்குச் சிவப்பின் மேல் ஒரு பாசம் வந்துவிட்டிருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"அண்ணாச்சி, அது முறையான சோதனை இல்ல. அடுப்படி அடுப்படியா இருக்கட்டும், அளவு அளவா இருக்கட்டும். நான் முறையாப் பாத்து எழுதித் தாரேன்."

அண்ணாச்சிக்கு ரொம்பத் திருப்தி. "சார் பாத்துச் சொன்னா அதுக்கு மேல என்ன இருக்கு!"

கோமதி என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு இரண்டு போர்டுகளையும் எடுத்து வந்து என் மேஜையில் வைத்தாள். "மெதுவாத் தொடுங்க மாமா. விளிம்பை மட்டும் பிடிங்க" என்று மட்டும் சொன்னாள்.

நான் நீள நோட்டு ஒன்று வாங்கினேன். கோடு போட்டேன். தேதி, நேரம், மின்னழுத்தம், ஓட்டிய தடவை, மதிப்பெண் என்று கட்டங்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் கோடு போட்டதில்லை. மாட்டிக் கழற்றும் வேலையைக் கோமதி செய்தாள். நான் பக்கத்தில் நின்று, "ம், ம்" என்றேன்.

முதல் நாள் சாம்பல் போர்டு. ஆனி மாதம் பிறந்தும் மலையில் மேகத்தைக் காணோம். வெயில் பல்லைக் காட்டியது. புழுதி வரும் என்று மேற்கு ஜன்னலை இறுக்கிச் சாத்தினேன். வியர்வை நோட்டில் சொட்டச் சொட்டப் பத்துத் தடவை ஓட்டி எழுதினேன். (விஞ்ஞானத்துக்காக நான் சிந்திய வியர்வை அவ்வளவுதான்.)

இரண்டாம் நாள் சிவப்பு போர்டு. காலையிலிருந்தே மலை கறுத்திருந்தது. மூன்றாவது ஓட்டத்தின்போது கணவாய் வழியாக ஜிலுஜிலு என்று காற்று இறங்கி, பின்னாலேயே பூவாகத் தூறல். இந்த ஊர்க்காரனுக்கு முதல் சாரல் வந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். புத்தி ஐந்தருவிக்குப் போய்விடும், உடம்பு அப்புறம் போகும். ஜன்னலை விரியத் திறந்தேன். காற்று நேரே மேஜைமேல் வந்து, பெட்டி இல்லாமல் திறந்து கிடந்த சிவப்பு போர்டைத் தடவிக் கொடுத்தது. மிச்ச ஓட்டங்களை அதுவாக ஓடும்படி வைத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குற்றாலம் போனேன்.

அருவியில் தலை கொடுத்து நின்றபோது பழைய அலுவலக நண்பர் ஒருவர் பக்கத்தில் நின்றார். "என்ன பண்ணுதீரு இப்ப?" என்று தண்ணீர் இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

"மதர்போர்டு ஆராய்ச்சி!" என்று நானும் கத்தினேன்.

ஈரத் தலையோடு வீடு திரும்பி மதிப்பெண்களைக் கூட்டினேன். சிவப்புக்கு நூற்றுப் பதினெட்டு மதிப்பெண் கூடுதல்! அன்று நான் இரண்டு தடவை காபி கேட்டேன். இரண்டு தடவையும் கிடைத்தது. வெள்ளைத்தாளில் அறிக்கை எழுதினேன். 'சிவப்பு நிறப் பலகையே சிறந்தது. சோதித்துச் சரிகண்டேன்' என்று முடித்து, பெயர், பட்டம், பழைய பதவி எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டு அண்ணாச்சியிடம் சேர்ப்பித்தேன்.

கோமதி அறிக்கையின் நகலைப் படித்துவிட்டு, "நோட்டைக் கொஞ்சம் பாக்கட்டுமா மாமா?" என்று கேட்டாள்.

"ஏன், எம் மேல நம்பிக்கை இல்லையா?" என்றேன்.

அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. சிவப்பு போர்டு பதினைந்து வந்து இறங்கியது.

திறப்பு விழாவுக்கு ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்தார்கள். சாரல் விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே நூறு பேர். மேடைக்குப் பின்னால் பதினைந்து மேஜையில் பதினைந்து பெட்டிகள் சிவப்பு விளக்கு எரிய எரிய. கோமதி கடைசி வரிசைக்குப் பின்னால் ஒயர்களுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் மேடையில். எனக்கு ரோஜா மாலையும் பொன்னாடையும் போட்டு, மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நான் பேசும்போதே பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டை வரைந்து, படமாக்கிக் காட்டுவதாக ஏற்பாடு.

'அளவும் வாழ்வும்' என்று பேசத் தொடங்கினேன். தராசு எப்படி இருக்க வேண்டும், மனசு எப்படி இருக்க வேண்டும் என்று நல்ல சூடு பிடித்த நேரம், எனக்குப் பின்னால் மழை கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். பதினைந்து பெட்டிகளின் விசிறிகளும் உயிரைக் கொடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தன. நான் குரலை உயர்த்தினேன். அவையும் உயர்த்தின.

முன்வரிசைப் பெண்பிள்ளை ஒருத்தி எழுந்தாள். "சார், என் வீடு பாதியில நிக்கி."

"எனக்கு மாடி வரல சார்."

"எனக்கு மாடி இருக்கு, கீழ ஒண்ணும் இல்ல சார்."

கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. திரைகளில் கதவில்லாத வீடு, கூரையில்லாத வீடு, வெறும் படிக்கட்டு மட்டும் வானத்தைப் பார்த்து ஏறும் வீடு. எல்லாம் எறும்பு ஊர்கிற வேகத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன.

அண்ணாச்சி மீசையைத் தடவியபடி மேடைக்கு வந்தார். "என்ன சார், எல்லா வீடும் அஸ்திவாரத்தோட நிக்கி? கொத்தனார் கோவிச்சுக்கிட்டாரா?"

மைக் என் கையில்தான் இருந்தது. நான் அதில் சொன்னேன்: "மின்னழுத்தம் குறைவு. மின்வாரியத்துக்காரங்க..."

முப்பத்தொரு வருடத்தில் எந்தக் கள்ளத் தராசுக்காரனும் என்னிடம் சொல்லாத பொய்யா அது? எல்லாரும் சொன்ன பொய்தான். நானும் சொன்னேன்.

அதற்குள் கோமதி ஒவ்வொரு பெட்டியாகப் பக்க மூடியைக் கழற்றத் தொடங்கிவிட்டாள். பந்தல்காரர் கொண்டுவந்து வைத்திருந்த நெட்டை விசிறிகளை இழுத்துவந்து வரிசைக்கு ஒன்றாகத் திருப்பி வைத்தாள். ஓரிரு நிமிடத்தில் விசிறி இரைச்சல் தணிந்தது. வீடுகளுக்குக் கதவு முளைத்தது. கூட்டம் கைதட்டியது. அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அண்ணாச்சி, கரண்ட்டுல குறை இல்ல. போர்டு இந்த வெக்கையைத் தாங்கல. நான் தேர்ந்தெடுத்ததுல தப்பாப் போச்சு. பதினஞ்சையும் மாத்தித் தாரேன்."

நான் மேடையில் உட்கார்ந்திருந்தேன். மாலையில் இருந்த ரோஜா ஒவ்வொரு இதழாக மடியில் உதிர்ந்தது. வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது, மைக்கும் இருந்தது. திறக்கவில்லை. கம்ப்யூட்டர் நின்றதை நினைத்து நான் இப்போது சிரிப்பேன். இதை நினைத்துச் சிரிக்க வராது.

வீட்டுக்கு அவளுடைய ஸ்கூட்டரில்தான் திரும்பினோம். பின்னால் நான், மடியில் மடித்த பொன்னாடை. வயல் ஓரமாக வரும்போது கேட்டேன்: "ஏம்மா அப்படிச் சொன்ன? போர்டை எடுத்தது நான்லா?"

அவள் திரும்பாமல் ஓட்டிக்கொண்டே சொன்னாள்: "ஒங்க கழுத்துல மாலை கெடந்துச்சே மாமா."

காற்றில் கண் கலங்கியது என்று சொல்லலாம்தான். ஆனால் அன்றைக்குக் காற்றே இல்லை.

வீட்டில் செருப்பைக் கழற்றியதும் நானே நோட்டை எடுத்து அவளிடம் நீட்டினேன். "பாரும்மா. எங்க பிசகிச்சுன்னு எனக்கே தெரியல."

கோமதி தரையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தாள். பகவதி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். இரண்டாம் நாள் பக்கத்தில் கோமதியின் விரல் நின்றது. கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், என் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது:

'சாரல் ஆரம்பம். ஜன்னலைத் திறந்தேன். தேவலோகம்.'

கோமதி உதட்டைக் கடித்தாள். தோள் குலுங்கியது. பிறகு நோட்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே சரிந்து சிரித்தாள். பகவதிக்கு முதலில் புரியவில்லை. விளக்கிச் சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, நகைக்கடைக்காரன் ஃபேனு போட்டதுக்கு இவுக அன்னைக்கு ஆடின ஆட்டம் என்ன! இப்ப குற்றாலத்தையே தொறந்து விட்டுருக்காகளே!"

நானும் சிரித்தேன். வேறு வழி இல்லை. ஆனால் தூக்கம் சரியாக வரவில்லை.

விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி இலத்தூர் போனேன். அண்ணாச்சி மையத்தின் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு விஷயம் சொல்லணும். மருமவ மேல தப்பு இல்ல. அவ சாம்பல் போர்டைத்தான் சொன்னா. நாந்தான்..."

அவர் வாளியை வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு கோப்பைக் கொண்டுவந்தார். திறந்தார். முதல் தாளே என் அறிக்கை. 'சோதித்துச் சரிகண்டேன்.' பெயர், பட்டம், பதவி, எல்லாம்.

"எனக்குத் தெரியாதா சார்? இவ்வளவு பெரிசாக் கையெழுத்துப் போட்டிருக்கீய. அந்தப் பிள்ளை 'நான் தேர்ந்தெடுத்தேன்'னு சொன்னப்பமே இது ஞாபகம் வந்துட்டு."

"பின்ன ஏன் அப்பவே கேக்கல?"

"என்னத்தக் கேக்க? நூறு பேரு முன்னால மாமனாருக்குப் பதிலா தலையைக் கொடுத்துட்டு நிக்கா. பட்டாளத்துலயே அப்படி நாலு பேரைத்தான் பாத்திருக்கேன். போயி நிதானமா மாத்தச் சொல்லுங்க. நான் எங்கயும் போவல."

வகுப்புக்குப் பிள்ளைகள் வரும்வரை காத்திருந்து அவர்களிடமும் சொன்னேன். மைக் இல்லாமல். முன்வரிசைப் பெண் கையைத் தூக்கினாள். "அப்ப அடுத்த சாரல் வரைக்கும் பொறுத்தா என் வீட்டுக்கு மாடி வந்துருமா சார்?" அந்தக் கேலிக்கு நான் தகுதியானவன்தான்.

சிவப்பு போர்டுகளில் பாதியை, அவற்றை விற்ற வியாபாரியே திரும்ப எடுத்துக்கொண்டார். மீதியைக் கோமதி குளிர்சாதன அறை உள்ள அலுவலகங்களுக்கான கம்ப்யூட்டர்களில் ஒவ்வொன்றாகச் செலவழித்தாள். அவள் கடை ஆறு மாதம் தள்ளிப்போனது என்னால்தான். சாம்பல் போர்டை வாங்கும் முன் இன்னொரு தடவை முறையாகச் சோதித்தாள். அடுப்படியில், நடுப்பகலில். இந்தத் தடவை அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு நோட்டோடு உட்கார்ந்தது நான். அடுப்பு அணையக் கூடாது என்பதற்காகப் பகவதி இரண்டு மணி நேரம் வடை சுட்டாள். நோட்டில் 'காற்று' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தேன். எல்லா வரியிலும் 'இல்லை' என்று எழுதினேன். முப்பது வடைக்கு அப்புறமும் சாம்பல் போர்டு அசையவில்லை. நான்தான் அன்றைக்குச் சொன்னபடியே படுத்துவிட்டேன்.

இப்போது தென்காசியில் கோமதியின் கடை இருக்கிறது. பலகையில் அவள் பெயர்தான். சோதனை மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மின்சார அடுப்பு இருக்கும். கடை திறந்த அன்று நான் வாங்கிக் கொடுத்த பரிசு அது. புதிதாக வருகிறவர்கள், "கம்ப்யூட்டர் கடையில அடுப்பு எதுக்கு?" என்று கேட்பார்கள். "எங்க மாமா வாங்கித் தந்தது" என்று மட்டும் சொல்லுவாள். முழுக் கதையைப் பகவதி சொல்லுவாள். கேட்காவிட்டாலும் சொல்லுவாள். வீட்டில் நான் எதைப் பற்றி அபிப்பிராயம் சொன்னாலும், மாம்பழமோ மாப்பிள்ளையோ, முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "ஜன்னல் தொறந்திருந்துச்சா, சாத்தியிருந்துச்சா?" சங்கர்கூட எல்லையிலிருந்து போனில் கேட்கிறான். யாராவது "மருமகள் என்ன செய்யுதா?" என்று கேட்டால் நான் 'ஏதோ' என்று சொல்லுவதில்லை. கேட்டவர் போதும் போதும் என்கிறவரைக்கும் சொல்லுகிறேன்.

போன ஆனியில் ஒரு நாள் கடையில் உட்கார்ந்திருந்தேன். மேஜையில் ஏதோ ஒரு போர்டு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று வெளிச்சம் மங்கி, மேற்கேயிருந்து அந்தக் காற்று வந்தது. முகத்தில் இரண்டு துளி. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். நோட்டில் 'காற்று: இல்லை' என்று எழுதினேன். இருபது நிமிடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாரல் விழுவதைப் பார்த்தபடி வெக்கையில் இருந்தேன்.

கோமதி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கடைசி மதிப்பெண்ணை எழுதினாள். ஸ்விட்சை அணைத்தாள்.

"முடிஞ்சிட்டு மாமா. இப்பத் தொறங்க."

திறந்தேன். தேவலோகம்.